விக்கிரமசிங்கபுரம் உடைத்த இணையதளம்

கல்லிடைக்குறிச்சியில் என் சித்தி அப்பளம் போட்டு விற்கிறார். அதற்கான இணையதளத்தைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்பவன் நான். போன வாரம் இரவு ஒன்பது மணிக்குப் போன் வந்தது. "எய்யா, நம் பக்கம் இடமும் வலமுமாக ஆடுகிறது. விலையைப் பார்க்க விரலால் இழுக்க வேண்டியிருக்கிறது" என்றார். என் போனில் திறந்து பார்த்தேன். கச்சிதமாக இருந்தது. உடனே வாயில் வந்தது அந்தப் பாழாய்ப்போன பதில்: "எனக்குச் சரியாகத்தான் தெரிகிறது சித்தி, கேஷை அழித்துப் பாருங்கள்."

இந்தப் பதிலை இனி யாருக்கும் சொல்வதில்லை என்று இருக்கிறேன். கேஷ் என்பது உலாவி மறுமுறைக்காகச் சேமித்து வைக்கும் நகல். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சி.எஸ்.எஸ். கோப்பு பழையதாகவே அதில் தங்கிவிடுவது உண்மைதான். ஆனால் அதுதான் கோளாறா என்பது, அதே போனில், பழைய நகலை எடுக்காத மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சாளரத்தைத் திறந்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அதுவே காரணம் என்றாலும், கோப்பின் பெயருக்குப் பின்னால் இருக்கும் பதிப்பு எண்ணை நாம் மாற்றிவிட்டால் போதும். எல்லாருடைய உலாவியும் புதியதை எடுத்துக்கொள்ளும். அப்பளம் வாங்க வந்தவரைக் கேஷ் அழிக்கச் சொல்வது, கடைக்கு வந்தவர் கையில் துடைப்பத்தைக் கொடுப்பது போல.

சித்தியின் போனில் மறைநிலையிலும் ஆடியது. பக்கத்தைப் போனின் அகலத்துக்கு அமைக்கச் சொல்லும் வியூபோர்ட் வரி இருக்கிறதா என்று பார்த்தேன். அது இல்லாவிட்டால் போன் பக்கத்தை 980 பிக்சல் அகலமாக எண்ணிக்கொண்டு சுருக்கிக் காட்டும். இருந்தது. தளத்தில் கூடுதல் வசதிக்காகச் சேர்த்த செருகுநிரல்களை அணைத்தேன், தளத்தின் தோற்றத்துக்காக வாங்கிய 'தீம்' என்ற ஆயத்த வடிவமைப்பை மாற்றினேன், ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டேன். பயனில்லை. (ஆர்டர் வந்துகொண்டிருக்கும் தளத்தில் இதையெல்லாம் செய்தேன். நீங்கள் நகல் எடுத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.)

நள்ளிரவுக்கு மேல்தான் உறைத்தது. சித்தியின் போன் சின்னது; கண்ணாடி போடச் சோம்பல்பட்டு எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார். கணினி உலாவியில் அகலத்தை 360 பிக்சலாகக் குறைத்து எழுத்தையும் பெரிதாக்கினேன். ஆடியது! எல்லாப் பெட்டிகளையும் சுற்றிச் சிவப்புக் கோடு போடும் ஒற்றை வரியைச் சேர்த்தேன். ஒரே ஒரு பெட்டி மட்டும் வலப்பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு நின்றது. டெலிவரி ஊர்களின் அட்டவணை. அதில் நான்காவது வரி விக்கிரமசிங்கபுரம்.

இடைவெளி இருக்கும் இடத்தில்தான் உலாவி வரியை மடிக்கும். இடைவெளியில்லாத நீளச் சொல் வந்தால், அட்டவணைக் கட்டம் அந்தச் சொல்லின் அகலத்துக்குக் கீழே குறுகாது. நாமோ அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, ஆழ்வார்திருநகரி என்று ஊருக்குப் பெயர் வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள். விடிந்ததும் சித்தியிடம் விளக்கினேன். "வி.கே.புரம் என்று எழுதியிருந்தால் தீர்ந்ததே, ஊரே அப்படித்தானே சொல்கிறது" என்றார். தூக்கம் கெட்டவனிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? அதைச் சுருக்கினால் அடுத்தது எங்கள் கல்லிடைக்குறிச்சி இடிக்கும்.

முதலில், எந்த எழுத்திலும் உடைக்கலாம் என்று கட்டளை கொடுத்தேன். மேல் வரியில் 'விக்கிரமசிங்கபு', கீழ் வரியில் 'ரம்'. அப்பளக் கடையில் ரம் எதற்கு என்று யாராவது கேட்பதற்குள் எடுத்துவிட்டேன். பிறகு 'சிங்க' என்பதற்கும் 'புரம்' என்பதற்கும் நடுவில், தேவைப்பட்டால் மட்டும் மடியும், கண்ணுக்குத் தெரியாத குறியை வைத்தேன். கல்லிடைக் என்று நின்று குறிச்சி என்று இறங்கும்படி, வாய் எங்கே மூச்சு விடுமோ அங்கே. 22 ஊர்களுக்கும் கையால்தான்.

என் கோபம் தீம் செய்கிறவர்கள் மீது. மாதிரிப் பக்கம் முழுக்கக் குட்டிக் குட்டி லத்தீன் சொற்களை நிரப்பி வைக்கிறார்கள். நாமும் அதில் மயங்கிக் காசைக் கொடுக்கிறோம். நாங்கள் வாங்கிய தீமில் பொருளின் பெயருக்கு வரி உயரம் 1, அதாவது எழுத்தளவு எவ்வளவோ அவ்வளவே. பெட்டிக்கு வெளியே நீட்டினால் வெட்டிவிடு என்ற கட்டளை வேறு. லத்தீன் எழுத்துக்கு அது போதுமாக இருக்கலாம். தமிழில் புள்ளியும் மேல்விலங்கும் கழுத்தோடு போய்விடும். மூன்று மாதம் நாங்கள் 'அபபளம' விற்றிருக்கிறோம். வாங்கியவர்களும் பெருந்தன்மையாக அப்பளம் என்றே படித்திருக்கிறார்கள். வரி உயரத்தை 1.6 ஆக்கியதும் புள்ளி திரும்பி வந்தது.

தமிழில் தளம் நடத்துகிறவர்கள் தீமுக்குப் பணம் கட்டுவதற்கு முன் அதன் சோதனைப் பக்கத்தில் மெனுவிலும் பொத்தானிலும் அட்டவணையிலும் விக்கிரமசிங்கபுரத்தை ஒட்டி, 360 பிக்சலில் பாருங்கள். இடித்தால் வாங்காதீர்கள்.

தீம் செய்தவருக்கும் படங்களோடு விவரமாக எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. அவர்களுக்குச் சரியாகத்தான் தெரிகிறதாம். கேஷை அழித்துப் பார்க்க வேண்டுமாம்.