சங்கம் சொன்னது எல்லாமே தவறாததா?

"பொதுச்சங்கமே சொல்லிவிட்டது, அப்புறம் என்ன பேச்சு?" என்று ஒரு கோஷ்டி. "இரண்டாம் வத்திக்கான் சங்கம் புதிதாக எந்தக் கோட்பாட்டையும் வரையறுக்கவில்லையே, அதை ஏன் கண்டுகொள்ள வேண்டும்?" என்று இன்னொரு கோஷ்டி. பொதுச்சங்கம் என்றால் திருச்சபையின் ஆயர்கள் கூடி முடிவெடுக்கும் பேரவை; இரண்டாம் வத்திக்கான் 1960-களில் கூடியது. கத்தோலிக்கர்களுக்குள் நடக்கும் இந்தச் சண்டையில் இரு தரப்பும் சங்க ஏடுகளைப் புரட்டிப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அத்தியாயம் விசுவாச அறிக்கை. அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலாகவும் இரத்தமாகவும் பொருள் மாற்றம் அடைகின்றன என்று அதில்தான் வருகிறது. அதே சங்கத்தின் 68-ஆம் விதி, யூதர்களும் முஸ்லிம்களும் அடையாளம் தெரியும்படி வேறு உடை உடுத்த வேண்டும் என்கிறது. அதே ஆயர்கள், அதே திருத்தந்தை (போப்) மூன்றாம் இன்னொசென்ட். முதலாவதைத் திருச்சபை இன்றும் அறிக்கையிடுகிறது. இரண்டாவதைப் படித்தால் தலைகுனிவாக இருக்கிறது.

தவறா வரம், அதாவது போதனையில் பிழை நேராது என்ற உறுதி, முழு ஏட்டுக்கும் கிடையாது. விசுவாசத்திலோ ஒழுக்கத்திலோ ஒன்றை இறுதியானது என்று வரையறுக்கும் இடத்துக்கு மட்டும்தான். அதுவும் திருத்தந்தை ஏற்றால்தான். 451-இல் கால்செதோன் சங்கம் கிறிஸ்துவைப் பற்றிச் சொன்னதைத் திருத்தந்தை லியோ ஏற்றார். கான்ஸ்டான்டிநோபிளுக்குத் தனி மரியாதை தந்த 28-ஆம் விதியைத் தள்ளிவிட்டார்.

கான்ஸ்டன்ஸ் சங்கம்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. மூன்று பேர் "நானே திருத்தந்தை" என்று நின்ற காலம். எங்கள் அதிகாரம் நேரடியாகக் கிறிஸ்துவிடமிருந்து வருகிறது, திருத்தந்தையும் எங்களுக்குக் கீழ்ப்பட வேண்டும் என்று 1415-இல் சங்கம் ஆணையிட்டது. 1417-இல் அங்கே தேர்வான ஐந்தாம் மார்ட்டினின் வரிசையில்தான் இன்றைய திருத்தந்தை வரை வருகிறார்கள். ஆனால் 1870-இல் முதலாம் வத்திக்கான் சங்கம், திருத்தந்தை அதிகாரபூர்வமாக வரையறுப்பதற்குத் திருச்சபையின் சம்மதம் தேவையில்லை என்றது. 1415 ஆணையைத் திருத்தந்தை முறைப்படி உறுதிசெய்யவில்லை என்பது இறையியலாளர்கள் தரும் பதில். சட்டப்படி சரி. மனசுக்கு முழுசாக ஒட்டவில்லை.

சரி, இரண்டாவது கோஷ்டிக்கு வருவோம். வரையறை இல்லையென்றால் கட்டுப்பட வேண்டாமா? பங்குக் குருவும் சாட்சிகளும் இல்லாத திருமணம் செல்லாது என்று 1563-இல் திரெந்து சங்கம் போட்டதும் ஒழுங்குச் சட்டம்தான், விசுவாச வரையறை அல்ல. அது "வெறும் சட்டம்தானே" என்று இவர்களில் யாராவது தங்கள் பிள்ளைகளின் கல்யாணத்தைக் கோயிலுக்கு வெளியே முடித்திருக்கிறார்களா?