அண்டாவில் கரித்தடம்

பெண்ணின் தந்தை: பட்சணக் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், மாஸ்டர். இந்தத் திருமணத்தில் கரித்தடம் மிகவும் குறைவாக இருக்க வேண்டும் என்று என் மகள் உறுதியாகச் சொல்லிவிட்டாள்.

சமையல் மாஸ்டர்: என் அண்டாவில் கரித்தடம் இருக்கிறது என்று அந்தக் குழந்தையிடம் யார் சார் சொன்னது? புளி போட்டுத் தேய்த்து, குனிந்தால் முகம் தெரிகிற அளவுக்கு விளக்கிய பிறகுதான் என் பாத்திரம் அடுத்த மண்டபத்துக்கு வண்டி ஏறும். விறகடுப்பை விட்டு இருபது வருடம் ஆகிறது. எரிவாயு அடுப்பில் கரி எங்கிருந்து வரும்?

தந்தை: பாத்திரத்தில் ஒட்டுகிற கரியைச் சொல்லவில்லை. நாம் செய்யும் ஒவ்வொரு காரியத்தாலும் காற்றில் கலக்கிற கரியமில வாயுவின் கணக்கைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரியாது.

மாஸ்டர்: கண்ணுக்குத் தெரியாத கரியையும் தேய்க்க வேண்டுமானால் ஆள் கூலி தனி.

தந்தை: (கைபேசித் திரையின் மேற்பகுதியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு) பட்டியல் என்னிடம் இருக்கிறது. முதலாவதாக, வாழை இலை வேண்டாம். பாக்கு மட்டைத் தட்டை மங்களூர்ப் பக்கத்திலிருந்து வரவழைக்கிறேன்.

மாஸ்டர்: திருவையாற்றுத் தோட்டத்தில் விடியற்காலையில் அறுத்த இலை, காலைப் பந்திக்கு முன்பாகக் கும்பகோணம் மண்டபத்துக்கு வந்துவிடும். அதை விட்டுவிட்டு, மலை இறங்கி, மாநிலம் தாண்டி, லாரியில் வருகிற தட்டுக்கு நீங்கள் பசுமை என்று பெயர் வைக்கிறீர்கள். நிறத்தை வைத்துப் பார்த்தாலும் இலைதானே சார் பச்சை? தட்டு பழுப்பு.

தந்தை: இலையை எல்லோரும்தான் போடுகிறார்கள். வந்தவர்களுக்கு இது பசுமைத் திருமணம் என்று எப்படித் தெரியும்?

மாஸ்டர்: ஒவ்வொரு இலையிலும் ‘இது இலை’ என்று ஒரு சீட்டு ஒட்டிவிடலாம்.

(இங்கே நான் குறுக்கிட்டே ஆக வேண்டும். சென்ற ஆவணியில் நான் போயிருந்த ஒரு திருமணத்தில், ரசம் ஊறிவிடக் கூடாது என்பதற்காகப் பாக்கு மட்டைத் தட்டின் மேல் வாழை இலையை வட்டமாக நறுக்கி விரித்திருந்தார்கள். நறுக்கியது போக மீந்த இலை முழுவதும் குப்பையில் கிடந்தது. ஆகவே நான் மாஸ்டர் பக்கம்.)

தந்தை: சரி, இலை இருக்கட்டும். தண்ணீருக்குக் காகிதக் குவளை.

மாஸ்டர்: அதன் உட்புறம் பிளாஸ்டிக் பூச்சு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 பொருட்களில் அதுவும் ஒன்று. மேசையில் விரிக்கிற பிளாஸ்டிக் தாளும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. மண்டபத்து மேலாளர் அந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டி, அதன் கீழேயே குவளைகளை அடுக்கி வைத்திருக்கிறார், போய்ப் பாருங்கள்.

தந்தை: அப்படியானால் 300 மில்லி பாட்டில். அது அந்தத் தடையில் இல்லை.

மாஸ்டர்: இல்லாததால்தான் இலைக்கு ஒன்று வைக்கிறார்கள். சாப்பிட வருகிறவர் இரண்டு வாய் குடித்துவிட்டுக் கை கழுவப் போய்விடுகிறார். மிச்சத்தை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. பாட்டில் பாட்டிலாகத் திறந்து கொட்டுவதற்கு அடுத்த பந்தி விடுவதில்லை. என் ஆட்கள் சாக்கில் அள்ளிக் கட்டும்போது பாதிக் கனம் தண்ணீர்தான். என்னிடம் எவர்சில்வர் டம்ளர் 500 இருக்கிறது.

தந்தை: அதை யார் கழுவுவது?

மாஸ்டர்: அதைத்தான் நானும் கேட்க இருந்தேன். உங்கள் பட்டியலில் தட்டுக்கு விலை இருக்கிறது, பைக்கு விலை இருக்கிறது, செடிக்கு விலை இருக்கிறது. மண்டபத்தின் பின்புறம் குழாயடியில் குந்தி உட்கார்ந்து டம்ளர் கழுவப் போகிற இரண்டு பெண்களின் கூலி மட்டும் எந்த வரியிலும் இல்லை. அந்தக் கூலியை மிச்சம் பிடிக்கத்தானே, சார், தூக்கி எறிகிற குவளையே பந்திக்குள் வந்தது?

தந்தை: (சிறிது நேரம் கைபேசியையே பார்த்துவிட்டு) அடுத்தது தாம்பூலப் பை. நல்ல துணிப் பை, 1,500 வாங்கியாகிவிட்டது.

மாஸ்டர்: (ஓர் ஓரத்தைக் கிழித்துத் தீக்குச்சியில் காட்டுகிறார்) பருத்தியானால் எரிந்து சாம்பலாகும். இது உருகிச் சொட்டுகிறது. துணி மாதிரித் தோன்றுகிற பாலிப்ரொப்பிலீன். அந்தப் 14-இல் இதுவும் சேர்த்தி. இதில் ‘பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்’ என்று வேறு அச்சிட்டிருக்கிறீர்கள்.

தந்தை: எழுத்து எடுப்பாக இருக்கிறதல்லவா?

மாஸ்டர்: ஒரு பை தானாக முன்வந்து கொடுத்த வாக்குமூலத்தை இப்போதுதான் படிக்கிறேன். தேங்காயும் வெற்றிலையும் போட்டுக் கொடுத்த பழைய மஞ்சள் பைக்கு என்ன குறை? அரசாங்கமே 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அதைக் கூப்பிட்டுக்கொண்டு வந்ததே.

தந்தை: மஞ்சள் பையோடு போனால் ஊரிலிருந்து ஓடிப்போகிறவர் மாதிரி இருக்கும் என்று சம்பந்தி நினைப்பார். அதனால்தான் இந்தப் பைக்குள் தேங்காய்க்குப் பதிலாக ஒரு வேப்பங்கன்று வைக்கிறோம்.

மாஸ்டர்: கன்று கறுப்புப் பாலித்தீன் உறையில்தானே வரும்? பிளாஸ்டிக் பைக்குள் பிளாஸ்டிக் பை, அதற்குள் பசுமை. மூன்றாவது மாடியில் குடியிருக்கிறவர் வேப்ப மரத்தை எங்கே நடுவார்? எல்லோரும் மண்டபத்து வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் கொண்டுபோய், என் கொல்லையில் இப்போது ஏழு கல்யாணத்துக் கன்றுகள் மணமக்கள் பெயர் அட்டையோடு நிற்கின்றன. அதில் இரண்டு ஜோடிகள் பிரிந்துவிட்டார்கள். மரம் நன்றாக இருக்கிறது.

தந்தை: அபசகுனமாகப் பேசாதீர்கள். அழைப்பிதழையாவது பாராட்டுங்கள். விதைத்தாள், மண்ணில் புதைத்தால் துளசி முளைக்கும்.

மாஸ்டர்: நெற்றியில் பிள்ளையார் படம் போட்டு, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுக்கிறீர்கள். அதை எந்த வீட்டு அம்மாள் குழி தோண்டிப் புதைப்பார்? என் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் மேல் இதுபோல் ஆறு துளசித் தோட்டங்கள் அடுக்கியிருக்கின்றன.

தந்தை: எதைச் சொன்னாலும் தட்டிப் பேசுகிறீர்கள். உங்கள் அடுப்பின் கணக்கைப் பார்ப்போமா? எரிவாயு ஒரு கிலோ எரிந்தால் சுமார் 3 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது.

மாஸ்டர்: மூன்று வேளைக்கும் சேர்த்து 19 கிலோ சிலிண்டர் 12 ஆகும். மொத்தம் 228 கிலோ எரிவாயு. உங்கள் கணக்குப்படி 700 கிலோவுக்குச் சற்றுக் குறைவான கரி. கலிபோர்னியாவிலிருந்து ஒருவர் விமானத்தில் வந்து திரும்பினால் எவ்வளவு?

தந்தை: ஒரு டன்னுக்கு மேல்.

மாஸ்டர்: ஒருவருக்கேவா? எத்தனை பேர் வருகிறார்கள்?

தந்தை: மகளோடு சேர்த்துப் பத்துப் பேர். அவர்கள் எல்லோரும் சுற்றுச்சூழல் துறையில்தான் வேலை பார்க்கிறார்கள். ஆளுக்கு இருபது மரக்கன்று நட்டு ஈடு செய்துவிடுவார்கள்.

மாஸ்டர்: அந்த இருநூறும் என் கொல்லைக்குத்தான் வரும். என் அண்டாவைக் குறை சொன்ன குழந்தை அப்படி என்னதான் எழுதியிருக்கிறது? கட்டைவிரலைக் கொஞ்சம் எடுங்கள், சார்.

தந்தை: அது முகவுரைதான்.

மாஸ்டர்: (வாங்கிப் படிக்கிறார்) ‘அப்பா, கரித்தடம் குறைய இரண்டே இரண்டு செய்தால் போதும். 300 பேருக்கு மேல் அழைக்க வேண்டாம். 15 வகைக்கு மேல் சமைக்க வேண்டாம். என் தோழிகள் யாரையும் நான் அழைக்கவில்லை.’ இதில் தட்டும் இல்லை, பையும் இல்லை, செடியும் இல்லையே?

தந்தை: அவையெல்லாம் நானாகச் சேர்த்தவை. தோழிகளையும் நான்தான் தொலைபேசியில் அழைத்தேன். வெளிநாட்டுக்காரர்கள் நான்கு பேராவது பந்தியில் உட்கார்ந்தால்தானே சபை நிறைவாக இருக்கும்? அவள் சுலபமாக 300 என்று எழுதிவிட்டாள். இருபத்தைந்து ஆண்டுகளாக ஊர் ஊராகப் போய் நான் எழுதிய மொய்யை யாரிடம் திருப்பி வாங்குவது? மொய் நோட்டைக் காட்டட்டுமா? தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களே 340 பேர் வருகிறார்கள்.

மாஸ்டர்: காட்ட வேண்டாம். எனக்கும் ஒரு நோட்டு இருக்கிறது. எத்தனை இலை என்று மட்டும் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.

தந்தை: 1,200. வகை 27-க்குக் குறைய வேண்டாம்.

மாஸ்டர்: 1,200 இலை, 27 வகை, டம்ளர், கழுவ இரண்டு பெண்கள்.

தந்தை: இலையை 1,250 என்றே போட்டுவிடுங்கள். பசுமைத் திருமணம் என்று கேள்விப்பட்டு, எப்படித்தான் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போக ஓர் ஐம்பது பேர் வருவார்கள்.