அதிமதுரத்தை அளவில்லாமல் சாப்பிடலாம் என்பது உண்மையல்ல

"தொண்டைக் கரகரப்புக்கும் வறட்டு இருமலுக்கும் அதிமதுரம் நல்லது, இயற்கையானது என்பதால் பக்கவிளைவு கிடையாது, எத்தனை மாதமானாலும் தினமும் சாப்பிடலாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி பரவி வருகிறது. முற்பாதியைக் குறை சொல்ல முடியாது. மஞ்சள் நிற நார்வேரின் சிறு துண்டை வாயில் அடக்கிக்கொண்டால் இனிப்போடு எச்சில் ஊறி, வறண்ட தொண்டைக்கு இதமாக இருக்கும். பிற்பாதிதான் ஆபத்தானது.

அந்த இனிப்பைத் தரும் கிளிசிரைசின் என்ற பொருளே தொல்லைக்கும் காரணம். சிறுநீரகத்தில் கார்டிசால் ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியை அது தடுத்துவிடுவதால், உடலில் உப்பும் நீரும் தேங்குகின்றன, பொட்டாசியமோ சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. இதனால் ரத்த அழுத்தம் உயரலாம், கால்கள் வீங்கலாம், தசைகள் தளரலாம், இதயத் துடிப்பும் சீர்கெடலாம். தொடர்ந்து உட்கொள்வோர் நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் கிளிசிரைசினைத் தாண்டக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு அறிவியல் குழு 2003-இல் அறிவுறுத்தியது. வேருக்கு வேர் இந்தப் பொருளின் அளவு மாறுபடும் என்பதால், வீட்டில் காய்ச்சும் கஷாயத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது.

உயர் ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதிமதுரத்தைத் தவிர்ப்பதே நல்லது. நீர் பிரியும் மாத்திரையோ டிகாக்சின் என்ற இதய நோய் மருந்தோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம். பொட்டாசியம் குறைந்த உடலில் டிகாக்சின் நஞ்சாக மாறக்கூடும். மற்றவர்கள் சில நாட்களோடு நிறுத்திக்கொள்ளலாம். மூன்று வாரம் தாண்டியும் நிற்காத இருமலை மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும்.