சார், கேரட் விலையை வெளியே போய்ப் பேசுங்கள்

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 அரசு வேலைத் தேர்வு எழுதிவிட்டு இப்போதுதான் வீட்டுக்குள் நுழைகிறேன். நனைந்த ஸ்வெட்டரைக்கூடக் கழற்றவில்லை. இதை எழுதாமல் எனக்குச் சோறு இறங்காது.

2022, 2024, இப்போது 2025. மூன்றாவது தடவை. 9 மணிக்கு மேல் ஒரு நிமிஷம் பிந்தினாலும் கேட்டைச் சாத்துகிறார்கள். சரி, விதி. கறுப்பு பால்பாயின்ட் பேனாதான். சரி. விடைத்தாளில் வட்டத்தைக் கறுப்பாக்கினால் ஆக்கியதுதான், அழிக்க முடியாது. அதுவும் சரி. இத்தனை விதியும் எங்களுக்கு. அறைக்குள் நிற்கும் கண்காணிப்பாளர் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும் என்று ஒரு விதி கிடையாதா?

தமிழ் 100, பொது அறிவு 75, இரண்டையும் முடித்துவிட்டுக் கடைசி 25 கணக்குக்கு வந்தேன். மணி 11.50. வேலையும் நாளும். ஏ தனியாகச் செய்தால் 12 நாள், பி தனியாக 18 நாள். சேர்ந்து 4 நாள் செய்தபின் ஏ போய்விடுகிறார், மீதியை பி எத்தனை நாளில் முடிப்பார்? மீச்சிறு பொது மடங்கு 36. ஒரு நாளைக்கு 3ம் 2ம் 5. நாலு நாளில் 20. மீதி...

"கேரட் என்ன போகுது சார் உங்க பக்கம்?"

பக்கத்து அறை டீச்சர், வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு. எங்கள் அறை சார் மேசையிலிருந்தே பதில் சொல்கிறார்: "நேத்து நாப்பத்தஞ்சு."

அந்த நாப்பத்தஞ்சு என் 36ஐத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டது. திரும்ப முதலிலிருந்து. 12, 18, 36. மூணும் ரெண்டும்...

"கழுவினதா, கழுவாததா?"

"கழுவாதது. கழுவி மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பினா கூட வருமாம்."

திரும்ப முதலிலிருந்து. கையைத் தூக்கினேன். "சார், கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார்." அவர் சொன்ன பதில்: "நீ எழுதுறதைப் பாரும்மா." இருபது பேரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள், ஏதோ நான்தான் காப்பியடித்து மாட்டியவள் போல.

அதோடு விட்டாரா? மழை எப்படி இருக்கிறது என்று பார்க்க என் பக்கத்து ஜன்னலைத் திறந்தார். ஜூலை மாதம், ஊட்டி. சாரல் நேராக விடைத்தாள் மேல். ஓரத்தில் விழுந்த ஒரு துளியை ஸ்வெட்டர் கையால் ஒற்றி எடுத்தேன், அது வட்டங்களின் பக்கம் பரவிவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு. ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, கேள்வித்தாளுக்கு மேலேயே ஒரு தாளை விரித்து, "இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா" என்றார். போட்டேன். போட்டுவிட்டுப் பதற்றத்தில் 9 என்ற விடையின் வட்டத்தைக் கறுப்பாக்கினேன்.

ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க். அந்த ஒன்றரையில் எத்தனை பேர் என்னைத் தாண்டிப் போவார்கள் என்று எழுதுகிறவர்களுக்குத் தெரியும். விடிகாலை நாலு மணிக்கு அடுப்பங்கரை விளக்கில் படித்து, ஏழு மணிக்கு தேயிலை எடுக்கப் போகிறவள் நான். எனக்கு அது வெறும் ஒன்றரை இல்லை.

கண்காணிப்பாளர் என்றால் பிட் பிடிக்கிறவர் மட்டுமா? இருபது பேருடைய மூன்று மணி நேரத்தை அவர் கையில் ஒப்படைத்திருக்கிறார்கள். அதைக் காப்பதுதான் அவர் வேலை. ஞாயிறும் சனியும் டூட்டி போடுகிறார்கள், அவர்களுக்கும் அலுப்பு இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2022இல் குன்னூரில் ஒரு டீச்சர் வந்தார். அறைக்குள் நுழைந்ததும் இரண்டு கைக் கண்ணாடி வளையலையும் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் வைத்தார். மூன்று மணி நேரமும் அவர் நடந்ததே எங்களுக்குத் தெரியவில்லை. அவருக்கு மட்டும் யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

கோத்தகிரி பஸ் தொட்டபெட்டா முக்குத் திரும்பும்போது விடை தானாக வந்தது. 36இல் 20 போனால் 16, ஒரு நாளைக்கு 2, எட்டு நாள். எட்டு! அங்கேயே அழுதுவிட்டேன். அந்த நேரம் பார்த்து மேலே கூரை ஒழுகி ஹால் டிக்கெட் முழுக்க ஊறிப்போனது. ரெண்டு பருவமழையும் பெய்கிற மலையில் ஒழுகாத பஸ் ஒன்று விட மாட்டீர்களா? ஜன்னல் சீட்டில் குடை பிடித்துக்கொண்டு எத்தனை வருஷம்தான் உட்கார்ந்து வருவது?