மதகுக் கட்டையில் நாலு பையன்கள்

எங்கள் ஊர் மதகுக் கட்டையில் சாயங்காலம் நாலு பையன்கள் சேர்ந்து உட்கார்ந்தால் போதும். டீக்கடை பெஞ்சில் பேச்சு கிளம்பிவிடும். "என்னமோ திட்டம் போடுறானுவோ." சொல்கிறவர்கள் யார்? அதே கட்டையில் துண்டை விரித்துச் சீட்டு விளையாடியே வயசானவர்கள்.

இப்போது அவர்கள் கண்ணில் மாட்டியிருப்பது ஒரு தம்பி. வேலை முடிந்து வந்ததும், நெல் கொள்முதல் நிலையக் களம் காலியாக இருக்கிற மாதங்களில், பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறார். காசு வாங்குவதில்லை. அங்கேதான் தப்புப் பண்ணிவிட்டார். மாசம் முந்நூறு ஃபீஸ் வைத்திருந்தால் 'கோச்சிங்' என்று மரியாதை கிடைத்திருக்கும். சும்மா செய்கிறார் என்றதும், "இதுல இவனுக்கு என்ன வருது? கட்சிக்கு ஆள் சேர்க்கிறானா?"

என் பெரியப்பா தனியாகக் கூப்பிட்டுக் கேட்டது வேறு. "எந்தெந்தத் தெருப் பசங்கடா வர்றானுவோ?" விஷயம் இதுதான். எல்லாத் தெருப் பிள்ளைகளும் வருகிறார்கள், ஒரே குடத்தில் தண்ணீர் குடிக்கிறார்கள். அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல்தான் கட்சி, கஞ்சா என்று சுற்றி வளைக்கிறார்கள்.

பெற்றவர்கள் பயத்தை நான் குறை சொல்லவில்லை. 2017இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து ஊர் திரண்டபோது தடியடியும் கைதும் நடந்ததை எல்லோரும் பார்த்தோம். பாதி வீடுகளில் பையனைச் சிங்கப்பூர் அனுப்பும் கனவு. ஒரு வழக்கு விழுந்தால் பாஸ்போர்ட் விசாரணையில் நிற்கும். சரி. ஆனால் 2018 நவம்பர் 16, கஜா புயல் அடித்து ஓய்ந்த காலையில், ரோட்டில் கிடந்த தென்னைகளை அறுத்து வழிவிட்ட பையன்களைப் பார்த்து "என்னடா கும்பல்" என்று யாராவது கேட்டோமா? கடைமடையில் பேராவூரணிப் பெரிய குளத்தை அடுத்த வருஷமே தூர்வாரியதும் இப்படிக் கூடிய இளைஞர்கள்தான்.

நானும் யோக்கியன் இல்லை. எட்டாவது படிக்கும் என் மகள் கபடிக்குப் போகிறேன் என்றபோது முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னேன். யார் சொல்லித்தருகிறார், எத்தனை மணிக்கு விடுவார், கூட யார் இருப்பார்கள் என்றெல்லாம் கேட்கத்தான் வேண்டும். அதைக் களத்துக்குப் போய்க் கேட்கலாமே. டீக்கடையிலிருந்து ஐம்பதடிகூட இருக்காது.

போனேன். தம்பி தரையில் குந்தியிருந்தார், கையில் நகவெட்டி. வரிசையில் நின்ற பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கையை நீட்ட, நகத்தைப் பார்த்துப் பார்த்து வெட்டிவிட்டுக் கோட்டுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தார். நகம் இருந்தால் பிடிக்கும்போது கீறிவிடுமாம். வேலியோரம் இரண்டு அம்மாக்கள் முறம் வைத்து உளுந்து புடைத்தபடி ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கேட்க வந்ததைக் கேட்பதற்குள், "அண்ணே, வந்ததுதான் வந்தீங்க, ஸ்கோர் எழுதுங்க" என்று நோட்டைக் கையில் திணித்துவிட்டார்.

மூன்று வாரமாக நான்தான் எழுதுகிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை எனக்கு வெளியூர் வேலை. பெரியப்பா, அஞ்சரைக்கெல்லாம் களத்துக்கு வந்துவிடுங்கள். மூக்குக் கண்ணாடியை மறக்க வேண்டாம், அந்த நோட்டில் கோடு மங்கல்.