யுனைடெட்டை வீழ்த்தியது டெனிஸ் லாவின் கோல் அல்ல

"தன் பழைய அணியான மான்செஸ்டர் யுனைடெட்டை 1974இல் இங்கிலாந்து கால்பந்தின் இரண்டாம் டிவிஷனுக்குத் தள்ளியது டெனிஸ் லாதான்" என்று ஒரு கதை இன்றும் சுற்றி வருகிறது. இது தவறு.

கோல் உண்மைதான். 1974 ஏப்ரல் 27 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் சிட்டிக்காக ஆடிய லா, ஆட்டம் முடியும் தறுவாயில் குதிகாலால் தட்டி கோல் போட்டார். கொண்டாடவில்லை. தலைகுனிந்தபடி வெளியேறினார்.

சரி, கணக்கைப் பார்ப்போம். அப்போது வெற்றிக்கு 2 புள்ளிகள்தான். யுனைடெட்டிடம் இருந்தவை 32. மீதம் இந்த ஆட்டத்தோடு சேர்த்து 2 ஆட்டங்கள். இரண்டையும் வென்றாலும் 36தான். அதே நாளில், தப்பிக்கும் கடைசி இடத்துக்குப் போட்டியிட்ட பர்மிங்காம் சிட்டி நார்விச்சை 2-1 என்று வென்று 37ஐத் தொட்டுவிட்டது. லா பந்தைத் தொடாமலே இருந்திருந்தாலும் யுனைடெட் இறங்கித்தான் இருக்கும்.

உண்மையான காரணம் அந்த சீசன் முழுக்கவே தெரிந்தது: 42 ஆட்டங்களில் வெறும் 38 கோல்கள். ஒரு கட்டத்தில் 2 பெனால்டிகள் அடித்த கோல்கீப்பர் அலெக்ஸ் ஸ்டெப்னியே அணியின் அதிக கோல் வரிசையில் முன்னணியில் இருந்தார்! அப்புறம், கடைசி மூன்று அணிகளைக் கீழே இறக்கும் முறையும் அந்த சீசனில்தான் தொடங்கியது. யுனைடெட் முடித்தது 21ஆம் இடத்தில், அதாவது 22 அணிகளில் கடைசிக்கு முந்தையது. பழைய முறைப்படியும் தப்பியிருக்காது.

யுனைடெட்டுக்காக 237 கோல்கள் அடித்தவர் மீது இந்தப் பழியைச் சுமத்துவது பெரிய அநியாயம்.