பூட்டிய மேனேஜரை அழிக்க வேண்டாம்

மின்தடைக்குப் பிறகு டாக்கர் ஸ்வார்ம் (பல கணினிகளை ஒரே குழுவாக இணைத்து செயலிகளை ஓட்டும் மென்பொருள்) மேனேஜர், அதாவது அந்தக் குழுவை நடத்தும் கணினி, பூட்டிக்கொண்டால், 'லீவ் ஃபோர்ஸ்' (குழுவிலிருந்து கட்டாயமாக வெளியேறும் கட்டளை) கொடுத்துவிட்டு கிளஸ்டரை, அதாவது அந்தக் குழுவை, புதிதாக அமைப்பதுதான் வழி என்று மேலே ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். அது சரியல்ல, நண்பரே. ஒரே மேனேஜர் உள்ள இடத்தில் அதைச் செய்தால் சர்வீஸ் (ஓட்டச் சொல்லி வைத்த செயலிகள்), சீக்ரெட் (பாஸ்வேர்டு போன்ற ரகசியத் தகவல்கள்) எல்லாம் போய்விடும்.

பூட்டு பழுதல்ல. ஆட்டோலாக் (மேனேஜரைச் சாவி போட்டுப் பாதுகாக்கும் வசதி) போட்டிருந்தால், டாக்கர் மறுபடி தொடங்கும்போதெல்லாம் சாவி கேட்கும். 'டாக்கர் ஸ்வார்ம் அன்லாக்' என்று அடித்து, 'எஸ்டபிள்யூஎம்கீ' என்று தொடங்கும் அந்தச் சாவியைக் கொடுத்தால் போதும். சாவி கையில் இல்லையா? பூட்டாத மேனேஜர்கள் பெரும்பான்மையாக ஓடினால், அவற்றில் ஒன்றில் 'டாக்கர் ஸ்வார்ம் அன்லாக்-கீ' அதைக் காட்டும். இடையில் சாவியை மாற்றியிருந்தால் பழையதையும் போட்டுப் பாருங்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். கரண்ட் போய் வரும் ஊரில் இது தெரிந்திருப்பது அவசியம்.

சந்தேகம் இருந்தால் காலி மெஷின் ஒன்றில் ஆட்டோலாக்கோடு ஸ்வார்ம் தொடங்கி, ஒரு சர்வீஸை ஓட்டி, டாக்கரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். 'டாக்கர் இன்ஃபோ'வில் ஸ்வார்ம் 'லாக்ட்' என்று இருக்கும். சாவியைக் கொடுத்ததும் அந்த சர்வீஸ் பட்டியலில் அப்படியே நிற்கும்.